ஆறு மணி தங்கிவிட்ட பூங்கா

அந்த வருஷம் ஐப்பசியில் ஒருநாள் சாயங்காலம் ஏரிக்கரைப் பூங்காவுக்குள் வந்த ஆறு மணி, திரும்பி வெளியே போகவில்லை. மழை பெய்து ஓய்ந்த வானத்தில் மேற்கே ஒரு கீற்று திறந்துகொண்டு, இஞ்சி டீ நிறத்தில் வெளிச்சம் சாய்ந்து இறங்க, தூங்குமூஞ்சி மரங்களுக்கு அடியிலிருந்து ஆறுமணிக் குருவி ஒன்று இரண்டு தரம் சீட்டியடித்தது. அதோடு பூங்காவுக்குள் இருந்த எல்லாக் கைக்கடிகாரமும் எல்லா செல்போனும் ஆறில் நின்றன, வெளிச்சம் சாய்ந்த சாய்விலேயே நின்றது, மரநிழல் புல்லின் மேல் எங்கே விழுந்திருந்ததோ அங்கேயே கிடந்தது. கம்பி வேலிக்கு வெளியே மாநகரம் தன் பாட்டுக்கு இருட்டிக்கொண்டும் ஹாரன் அடித்துக்கொண்டும் மறுபடி மழையில் நனைந்துகொண்டும் இருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் கால் வைத்தால் ராத்திரி, இந்தப் பக்கம் வைத்தால் ஆறு.

அப்போது கேட்டைத் தாண்டிக் கால் வைத்தவர் தனகோட்டி. பஸ் டெப்போவில் டிங்கர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. மற்றவர்கள் கோபத்தை எங்காவது ஒரு மூலையில் போட்டுவிட்டு மறந்துபோவார்கள். தனகோட்டி தன் கோபங்களைத் தினம் வெளியே எடுத்து, எண்ணெய் போட்டு, துருப்பிடிக்காமல் துடைத்து, அதே ஆணியில் திரும்ப மாட்டி வைப்பவர். பந்தியில் தன் இலைக்கு மட்டும் வடை வராமல் போன கல்யாண வீட்டுத் தெரு வழியாக அவர் நடப்பதில்லை. தாத்தா என்று கூப்பிட்டுவிட்டார்கள் என்பதற்காக வீட்டுக்கு எதிரே இருந்த மருந்துக்கடையை விட்டுவிட்டு ரெண்டு ஸ்டாப்பிங் தள்ளிப் போய் மாத்திரை வாங்குவார். இவையெல்லாம் சில்லறைக் கோபங்கள். பெரிய கோபம் ஒன்று இருந்தது. அதன் பெயர் ஞானப்பிரகாசம்.

ஞானப்பிரகாசம் அதே டெப்போவில் கண்டக்டராக இருந்தவர். ஒன்றாக டீ குடித்து, ஒன்றாக ஸ்ட்ரைக் செய்து, ஒன்றாக ஓய்வு பெற்ற இரண்டு பேரும் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பதற்கு வேறு ஒன்றும் இல்லாமல் பறவைகளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஐப்பசி பிறந்தால் வடக்கேயிருந்து வாலாட்டி வரும், மாங்குயில் வரும், நீண்ட வெள்ளை வாலை இழுத்துக்கொண்டு ஈப்பிடிப்பான் வரும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கழுத்தில் பைனாகுலர் தொங்க நரசிம்மன் சாரும் அவருடைய பறவைக் குழுவும் வந்து, இன்னது இன்னது என்று பெயர் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. அபூர்வமான பறவையை ஒருவர் மட்டும் பார்த்தால் அது பார்த்ததாகாது. கூட இன்னொரு கண்ணும் பார்த்திருக்க வேண்டும். அதுவரை அது வெறும் பேச்சுதான்.

பல வருஷங்களுக்கு முன்னால் ஓர் ஐப்பசிச் சாயங்காலம், மூங்கில் புதருக்குப் பின்னால், காய்ந்த இலைகளின் மேல், தனகோட்டி ஆறுமணிக் குருவியைப் பார்த்தார். அந்தப் பூங்காவில் யாரும் அதுவரை அதைப் பார்த்ததில்லை. ஞானப்பிரகாசம் அவருக்குப் பக்கத்திலேயேதான் இருந்தார், ஆனால் குனிந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை நரசிம்மன் சார் கேட்டார், "ஞானம் சார், நீங்களும் பாத்தீங்கல்ல?"

"பாக்கலீங்க. செருப்பு வார் மாட்டிக்கினு இருந்தேன்."

"அப்ப மீன்கொத்தியா இருக்கும்," என்றார் நரசிம்மன் சார். எல்லோரும் சிரித்தார்கள், கெட்ட சிரிப்பு இல்லை, சும்மா சிரித்த சிரிப்புதான். ஆனால் அன்றிலிருந்து நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் தனகோட்டியின் முதுகுக்குப் பின்னால் அவரை மீன்கொத்தி என்றார்கள். பாத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் வாயிலிருந்து முத்தா உதிர்ந்திருக்கும்? அந்த ஒரு வார்த்தை வராமல் தனகோட்டிக்குச் சோறு இறங்கவில்லை. தண்ணீர்க் குழாய் பக்கத்தில் ஒருநாள் அது கைகலப்பாகி, ஒருவர் சட்டைப் பை கிழிந்து, இன்னொருவர் மூக்குக்கண்ணாடி உடைந்தது.

நடைப்பயிற்சியாளர் சங்கச் செயலாளர் பத்மலோசனி அம்மாள் பத்திரப் பதிவு அலுவலகத்தில் காலம் தள்ளியவர். அண்ணன் தம்பிக்கு மனை பிரித்த கையால் இவர்களுக்குப் பூங்காவைப் பிரித்துக் கொடுத்தார். ஆறு மணி வரை ஞானப்பிரகாசம். ஆறு மணியிலிருந்து தனகோட்டி. தனகோட்டி தலையாட்டிவிட்டார், வீட்டுக்குப் போன பிறகுதான் விஷயம் உறைத்தது. வெளிச்சம் முழுக்க அவனுக்கு, இருட்டு முழுக்க இவருக்கு. திரும்பப் போய்க் கேட்பது கௌரவக் குறைச்சல். அதனால் அன்றிலிருந்து தனகோட்டி இருட்டில் தெரிவதைப் பார்த்தார். வௌவால் பார்த்தார், ஆந்தை பார்த்தார், குளத்துக்கு மேல் குரைத்துக்கொண்டு போகும் வக்கா நாரையைப் பார்த்தார். தினமும் ஆறு மணிக்கு அவர் மேற்கு கேட்டில் நுழையும்போது, தூரத்தில், கிழக்கு கேட்டைப் பார்த்துப் போகும் ஒரு முதுகையும் பார்த்தார்.

இப்போது அந்த முதுகு பாதி வழியில் நின்றுவிட்டது.

"மேடம், அவனைக் கெளம்பச் சொல்லுங்க. ஆறாயிடுச்சு," என்றார் தனகோட்டி.

பத்மலோசனி அம்மாள் தன் கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கொஞ்சம் பொறுத்து மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். "ஆயிடுச்சு. ஆனா தாண்டலையே."

"அதுக்கு?"

"தாண்டுனாத்தான் அவர் போகணும். நீங்களும் வந்தது தப்பில்ல. ரெண்டு பேரும் எல்லைக்கல்லு மேல நிக்கிறீங்க. நான் இன்னிக்கி என்ன பண்ண முடியும்? குளத்துக்கு அந்தாண்ட அவர் இருக்கட்டும், இந்தாண்ட நீங்க இருங்க. ஒருத்தர் மூஞ்சை ஒருத்தர் பாக்காதீங்க."

அப்படித்தான் முதல் நாள் போயிற்று, அது நாள்தானா என்று யாருக்கும் தெரியவில்லை என்றாலும். மாநகரம் இந்த அதிசயத்தைப் பற்றி இரண்டு நாள் பேசியது, மூன்றாவது நாள் அதைப் பயன்படுத்த ஆரம்பித்தது. விடியற்காலையில் நடக்க வருகிறவர்கள் விடியலிலிருந்து நேராகச் சாயங்காலத்துக்குள் நடந்து வந்தார்கள். அதனால் காலை நடையாளர்களும் மாலை நடையாளர்களும் முதல்முறையாக ஒருவரையொருவர் சந்தித்து, ஒருவரையொருவர் பிடிக்கவில்லை என்று கண்டுகொண்டார்கள். மழையில் துணி காயாத அடுக்குமாடிப் பெண்கள் ஈரப் புடவைகளை வாளியில் கொண்டுவந்து குரோட்டன்ஸ் வேலி மேல் விரித்தார்கள். ஆறரைக்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்த காதலர்கள் பொய் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு மணிக்குச் சிரிக்க வேண்டியது என்று வைத்திருந்த சிரிப்பு மன்றத்துக்காரர்கள், ஆறு மணி முடியாததால் நிறுத்துவது எப்படி என்று தெரியாமல் சிரித்துச் சிரித்து, தாடை வலித்து, கடைசியில் இரண்டு அணியாகப் பிரிந்து முறை வைத்துச் சிரித்தார்கள். எட்டரைக்கு விசில் ஊதி கேட்டைப் பூட்ட வேண்டிய வாட்ச்மேன், எட்டரை வருமா என்று பெஞ்சில் காத்திருந்து அப்படியே தூங்கிப்போனார். வீட்டில் சண்டை போட்டுக்கொண்ட ஆண்கள் வந்தார்கள், வீட்டில் சமைத்து அலுத்த பெண்கள் வந்தார்கள், யாரும் யாரையும் எப்போது போவீர்கள் என்று கேட்கவில்லை.

சுண்டல் விற்கிற செண்பகம் மட்டும்தான் மேலே பார்த்தாள். "ஐயா, அந்தக் காக்காய்ங்களைப் பாத்தீங்களா?" என்று தனகோட்டியிடம் கேட்டாள்.

அவர் பார்த்திருந்தார். ஆறு மணிக்குக் காக்கைகள் மரத்துக்குத் திரும்பி, இருட்டும் வரைக்கும் இடம் பிடிக்கச் சண்டை போட்டுச் சுற்றும். இருட்டு வரவில்லை, அதனால் அவை சுற்றிக்கொண்டே இருந்தன. வடக்கேயிருந்து மலை தாண்டி, ஆறு தாண்டி, ராத்திரி ராத்திரியாகப் பறந்து வந்த சின்னப் பறவைகளும் தூங்க ஒரு ராத்திரி கிடைக்காமல் கிளைக்குக் கிளை தாவிக்கொண்டே இருந்தன. ஒரு வாலாட்டி நடைபாதையின் நடுவில் வந்து நின்று, நின்றபடியே கண்ணை மூடி, வால் ஆடாமல் சரிந்தது. செண்பகம் அதைத் தூக்கிக் குரோட்டன்ஸ் அடியில் வைத்தாள். அது எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு சங்கம் கூடியது. ஆறுமணிக் குருவிதான் இதைத் தொடங்கியது, அது கிளம்பினால் ஆறு மணியும் கிளம்பிவிடும் என்று பேச்சு போயிற்று. தீபாவளிக்கு வாங்கி நமுத்துப்போன வெடிகள் எல்லார் வீட்டிலும் இருந்தன. நாலு மூலையிலும் வெடி வைத்து அதை விரட்டிவிடலாம் என்று மாலை நடையாளர்கள் சொன்னார்கள், காலை நடையாளர்கள் முதல்முறையாக ஒத்துக்கொண்டார்கள்.

தனகோட்டி எழுந்தார். "எவனாவது திரி கிள்ளினான்னா அந்த வெடியை அவன் பையிலயே போடுவேன்."

"அப்ப நீங்களே வழி சொல்லுங்க," என்றார் பத்மலோசனி அம்மாள்.

"அது எங்க இருக்கும்னு எனக்குத் தெரியும். நான் காட்றேன். நரசிம்மன் சாரைக் கூப்பிடுங்க, கூட்டத்தைக் கூப்பிடுங்க. பாத்துட்டு அப்பறம் என்ன பண்றதுன்னு பேசுங்க." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஆனா அவனும் வரணும். மொத வரிசையில நிக்கணும். பாத்தேன்னு எல்லார் காது கேக்கச் சொல்லணும். இல்லன்னா குருவியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

அவன் என்றால் யார் என்று யாரும் கேட்கவில்லை. குளத்துக்கு அந்தப் பக்கம் ஆள் போயிற்று. ஞானப்பிரகாசம் வர மறுத்தார் என்றார்கள். பிறகு ஒத்துக்கொண்டார் என்றார்கள். குடையை ஊன்றிக்கொண்டு, பத்மலோசனி அம்மாளின் கூடவே, கழுத்தில் பைனாகுலர் ஆட, மெதுவாக வந்தார். தனகோட்டி அந்த நடையைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். மாப்பிள்ளை ஊர்வலமா வரான் பாரு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

மூங்கில் புதருக்கு முன்னால் எல்லோரையும் அரைவட்டமாகக் குந்த வைத்துவிட்டு, ஞானப்பிரகாசத்தை மட்டும் நடுவில் நிற்கவிட்டு, தனகோட்டி ஓரமாக ஒதுங்கினார். நரசிம்மன் சாரோடு வந்த புகைப்படக்காரர்கள் மூச்சை அடக்கினார்கள். சிரிப்பு மன்றத்தின் ரெண்டு அணியும் வாயைப் பொத்திக்கொண்டன. அப்போது சருகு சரசரத்தது. ஓர் இலை புரண்டது, பக்கத்து இலை புரண்டது, மைனா அளவில் ஒரு பறவை குட்டை வாலோடு துள்ளித் துள்ளி வெளியே வந்து, ஒரு மண்புழுவை இழுத்து, ஞானப்பிரகாசத்தின் செருப்புக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. பச்சை முதுகு, தோளில் நீலம், வயிற்றுக்குக் கீழே குங்குமம் கொட்டின மாதிரி சிவப்பு, கண்ணைச் சுற்றி இழுத்துத் தீட்டிய மை. அத்தனை கண்ணும் அதன் மேல் விழுந்தன.

தனகோட்டி ஒருவர்தான் அதைப் பார்க்கவில்லை. அவர் ஞானப்பிரகாசத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமும் சேர்த்து வைத்திருந்தது அந்த முகம் தோற்று விழுவதைப் பார்க்கத்தானே. அதனால் அங்கே வேறு யாரும் பார்க்காத ஒன்றை அவர் பார்த்தார். காலடியில் நிற்கும் பறவையைப் பார்க்க, ஞானப்பிரகாசம் பைனாகுலரைத் தூக்கிக் கண்ணில் வைத்து, தலையை நிமிர்த்தி, தூங்குமூஞ்சி மரத்தின் உச்சியைப் பார்த்தார்.

"ஞானம் சார்," என்று நரசிம்மன் சார் கிசுகிசுத்தார், "பாத்தீங்களா?"

மரத்தின் உச்சியில் ஒன்றும் இல்லை. ஒரு காற்றுகூட இல்லை.

"பாத்தேன்," என்றார் ஞானப்பிரகாசம், எல்லார் காதும் கேட்க. "நல்லாப் பாத்தேன். தனகோட்டி அன்னிக்கே சொன்ன குருவிதான்."

நரசிம்மன் சார் திரும்பி, இரண்டு கையையும் சேர்த்துத் தனகோட்டியைக் கும்பிட்டார். அரைவட்டம் முழுக்க முகங்கள் அவர் பக்கம் திரும்பின. மீன்கொத்தி என்று சொன்ன வாய்களெல்லாம் ஏதோ நல்லதாகச் சொல்லத் தயாராயின. வந்துவிட்டது, சோறு இறங்காமல் காத்திருந்த அந்த ஒரு வார்த்தை, கேட்டபடி, கேட்ட இடத்தில், கேட்ட ஆளிடமிருந்து வந்துவிட்டது. தனகோட்டியின் தொண்டையில் ஒரு சத்தம் ஏறியது. பொய், அவன் பார்க்கல, அவன் எங்கேயோ பார்த்துக்கினு சொல்றான் என்கிற சத்தம். வாய் திறந்தும்விட்டது. அப்போது ஞானப்பிரகாசத்தின் இன்னொரு கை, பக்கத்துக் கல்லில் சாய்த்து வைத்த குடையைத் தேடிக் காற்றைத் துழாவியது. குடை கைக்கு ஒரு விரற்கடை தள்ளி இருந்தது. கை அதைத் தாண்டிப் போயிற்று, திரும்பி வந்தது, மறுபடி தாண்டிப் போயிற்று.

தனகோட்டி இரண்டு எட்டில் போய்க் குடைப்பிடியை எடுத்து அந்தக் கையில் வைத்தார். வைத்த பிறகுதான் வைத்தது அவருக்கே தெரிந்தது.

"பாத்துட்டான்," என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "அதான் சொல்லிட்டான்ல? எல்லாரும் தள்ளிப் போங்க. அது சாப்புடட்டும்."

குருவி மண்புழுவை விழுங்கியது. கழுத்தை நீட்டி, இரண்டு தரம் சீட்டியடித்தது. அதோடு ஆறு தாண்டியது. மேற்கே கீற்று மூடிக்கொண்டது, நிழல்கள் புல்லை விட்டு நகர்ந்து ஒன்றோடு ஒன்று சேர்ந்தன, விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றாகக் கண் சிமிட்டி எரிந்தன, காக்கைகள் கீழே கொட்டின மாதிரி மரங்களில் இறங்கி, சண்டைகூடப் போடாமல், உட்கார்ந்த இடத்தில் தூங்கின. மழை வேலியைத் தாண்டி உள்ளே வந்தது. பெண்கள் புடவைகளை வாரிக்கொண்டு ஓடினார்கள். பத்மலோசனி அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார், ஞானப்பிரகாசத்தைப் பார்த்தார், பிறகு யாரையும் கிளம்பச் சொல்லாமல் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு போனார்.

ஞானப்பிரகாசம் நின்ற இடத்திலேயே நின்றார். எல்லோரும் போன பிறகும் பக்கத்தில் ஒரு மூச்சுச் சத்தம் போகவில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

"எப்பலேருந்து?" என்று கேட்டார் தனகோட்டி.

"ரெண்டு மழைக்காலம் ஆவுது. சக்கரை. வெளிச்சம் தெரியும், ஆளு நெழலாத் தெரியும். அப்பால ஒண்ணும் கெடையாது."

"ஊட்ல?"

"மங்கலாத் தெரியுதுன்னு நெனச்சிக்கினு இருக்காங்க. முழுசாத் தெரிஞ்சா ஓசூருக்கு, பெரியவன் ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க. இங்க சின்னவனும் பொண்டாட்டியும் ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, அவங்களையும் சொல்லிக் குத்தமில்ல. பெரியவன் ஊடு எட்டாவது மாடிடா. ஒரு குருவிச் சத்தம் மேல ஏறி வராது. இங்கன்னா காதாலயாவது பாத்துக்கினு இருக்கேன்."

"அதுக்காக பொய் சொல்லுவியா?"

ஞானப்பிரகாசம் குடை நுனியால் ஈரத் தரையைத் தட்டிப் பார்த்தார். "அன்னிக்கி கண்ணு இருந்துச்சு, பாக்கலன்னு சொல்ல முடிஞ்சுது. இன்னிக்கி பாக்கலன்னு சொன்னா மீதியையும் சேத்து சொல்லணுமேடா."

தனகோட்டிக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தை எதன் மேல் மாட்டுவது என்று தெரியவில்லை. பழைய ஆணியில் இப்போது ஒன்றும் இல்லை. கேட்ட வார்த்தையைக் கொடுத்தாகிவிட்டது. கொடுத்த வார்த்தை செல்லாது, அது செல்லாது என்று இந்த ஊரில் தெரிந்தது இரண்டே பேருக்கு. வெளியே சொன்னால் ஞானம் ஓசூருக்குப் போய்விடுவான். சொல்லாமல் வைத்திருக்க வேண்டும். சாகும் வரைக்கும் வைத்திருக்க வேண்டும். இவ்வளவு பெரிய ஒன்றை அந்த ஆள் மறுபடியும் இவர் தலையில் கட்டிவிட்டான்.

"இதுக்கு உன்னைச் சும்மா உட மாட்டேன்," என்றார்.

"எதுக்கு? அன்னிக்கிக்கா, இன்னிக்கிக்கா?"

"இன்னிக்கிக்கு. வாயை மூடிக்கினு நட. இடது பக்கம் பள்ளம்."

குடையை யாரும் விரிக்கவில்லை. ஒருவர் முழங்கையை இன்னொருவர் பிடித்தும் பிடிக்காத மாதிரி, கிழக்கு கேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மருமகள் பிலோமினா ரெயின்கோட்டோடு ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்திக்கொண்டு காத்திருந்தாள்.

"மாமா, ஊரே பேசுது! அந்தக் குருவியை நீங்களும் பாத்தீங்களாமே! எப்படி இருந்துச்சு, என்ன கலரு?"

ஞானப்பிரகாசம் வாயைத் திறந்தார். தன் வாழ்நாளில் அந்தப் பறவையை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. வாய் திறந்தபடியே இருந்தது.

தனகோட்டி மூஞ்சியை விளக்குக் கம்பத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார். "முதுகு பச்சை," என்றார், கம்பத்தைப் பார்த்து.

"முதுகு பச்சைம்மா," என்றார் ஞானப்பிரகாசம்.

"தோள்ல நீலம். மயில் நீலம் இல்ல, பழைய டவுன் பஸ்ல அடிப்பாங்களே, அந்த நீலம்."

"அந்த நீலம்மா," என்றார் ஞானப்பிரகாசம். அவர் முகம் மழையில் நிமிர்ந்திருந்தது. "டவுன் பஸ் நீலம். அடேயப்பா."

"வயித்துக்குக் கீழ சிவப்பு. கண்ணுல மை. வாலு இருக்குதா இல்லியான்னே தெரியாது, அவ்ளோ சின்னது."

"வாலு இவ்ளூண்டுதான், பிலோமினா. இருக்குதா இல்லியான்னே தெரியாது."

பிலோமினா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன மாமா, இவர் கம்பத்துகிட்ட சொல்றாரு, நீங்க எங்கிட்ட சொல்றீங்க?"

"நான் அவன்கூட பேசுறதில்லம்மா," என்றார் தனகோட்டி. "நாளைக்கி சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் அவனை மேற்கு கேட்டுல கொண்டாந்து உடு."